உங்கள் தொய்வு எந்த வகை? பெரியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நாற்பது வயது தாண்டிய ஒருவருக்கு முதன்முறையாக மூச்சு முட்டு வந்தால் யாழ்ப்பாணத்து வீடுகளில் இரண்டு தீர்ப்புகளில் ஒன்று உடனே கிடைத்துவிடும். "வாடைக்காற்று பட்டிருக்கும்" என்பது ஒன்று. "அப்பாவுக்கும் தொய்வு இருந்தது தானே" என்பது மற்றது. அப்புறம் பார்மசியில் ஒரு நீலப் பம்ப் வாங்கி, முட்டு வரும்போதெல்லாம் அடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுவார்கள். அந்த முட்டு எதனால் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

தொய்வு, அதாவது ஆஸ்துமா என்ற ஒரே பெயருக்குக் கீழே பல விதமான வருத்தங்கள் இருக்கின்றன. தூசு ஒவ்வாமையால் வருவதும், மரப்பட்டறைத் தூளால் வருவதும், மூட்டுவலிக்குப் போட்ட குளிசையால் கிளம்புவதும் வெளியே பார்க்க ஒரே மாதிரித்தான் இழுக்கும். ஆனால் இவற்றை அடக்கும் வழிகள் வேறு வேறு. எந்த வகை என்று கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி விடை எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்ற மூன்று விபரங்களில் இருக்கிறது, அவை நோயாளிக்கு மட்டுமே தெரியும். நெரிசலான கிளினிக்கில் வைத்தியருக்கு உங்களோடு கிடைப்பது சில நிமிடம். அந்த விபரங்களைத் தயாராக எடுத்துப் போவது எப்படி, அவற்றிலிருந்து வைத்தியர் என்ன முடிவுக்கு வருவார் என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில், இது ஆஸ்துமாதானா?

ஆஸ்துமாவின் முக்கிய அடையாளம் ஏற்ற இறக்கம். விடியப்புறம் கட்டிலில் குந்தியிருந்து மூச்சுக்குத் தவித்த ஆள், மத்தியானம் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்து நிற்பார். இழுப்பு, இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டல் ஆகிய நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து வரும். இரவிலும் விடியலிலும் கூடும். தடிமன் பிடித்தால், புகை பட்டால், ஓடினால், சில வேளை வாய்விட்டுச் சிரித்தால்கூடக் கிளம்பும். அப்புறம் தானாகவோ மருந்தாலோ அடங்கும்.

இந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் நாளெல்லாம், மாதமெல்லாம் ஒரே மாதிரி இருந்தால் வேறு காரணத்தை முதலில் தேட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், அதோடு மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் என்றால் காசநோய்ப் பரிசோதனை செய்யாமல் ஆஸ்துமா என்று சொல்லக் கூடாது. அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். "சனம் பார்த்தால் என்ன நினைக்கும்" என்று அந்தப் படியேறத் தயங்குபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயங்கும் ஒவ்வொரு வாரமும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தொற்றக்கூடிய வாரம்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணையை இரண்டு மூன்றாக அடுக்கினால்தான் நித்திரை வருகிறது, பொழுதுபட்டால் கணுக்கால் வீங்குகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்ந்தாலும் இழுப்புச் சத்தம் வரும். வெளிறிப்போய், இரண்டு அடி நடந்தாலே களைப்பவருக்கு இரத்தச்சோகை இருக்கலாம்.

சிஓபிடி என்று சொல்லும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்தான் ஆஸ்துமாவோடு அதிகம் குழம்புவது. சுருட்டும் பீடியும் பல ஆண்டு பிடித்தவர்களுக்கு இது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பனை மட்டையும் பொச்சும் ஈர விறகும் எரித்து, புகைபோக்கி இல்லாத குசினியில் முப்பது நாற்பது ஆண்டு சமைத்த பெண்களுக்கும் இதே நோய் வரும் என்பது பலருக்குத் தெரியாது. அம்மம்மா ஒரு நாளும் சுருட்டுப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அதை விலக்கிவிட முடியாது. ஆஸ்துமாவும் சிஓபிடியும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம்.

படி 2: மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்

இது பலர் தாண்டிப் போகும் படி. வீட்டில் மருந்து வைக்கும் பையையோ பிஸ்கட் பேணியையோ எடுத்து மேசையில் கொட்டுங்கள். கண்ணுக்கு விடும் துளி மருந்து, பூசும் மருந்து, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய குளிசை எல்லாமே கணக்கில் வரும்.

பிரஷருக்குக் கொடுக்கும் எனலாப்ரில், கப்டோபிரில், லிசினோப்ரில் போன்றவை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். மருந்து தொடங்கி வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துத்தான் இருமல் தொடங்கும், அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. இது ஆஸ்துமா அல்ல. வைத்தியர் வேறு பிரஷர் குளிசைக்கு மாற்றினால் சில வாரங்களில் இருமல் நிற்கும், சிலருக்கு மூன்று மாதம் வரை எடுக்கும்.

ப்ரொப்ரானோலோல், அட்டனோலோல் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் உண்மையான ஆஸ்துமாவைக் கிளப்பிவிடக்கூடியவை. ப்ரொப்ரானோலோல் பிரஷருக்கு மட்டுமல்ல, கைநடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் பதற்றத்துக்கும்கூடக் கொடுக்கப்படுகிறது. கண் அழுத்தத்துக்கு விடும் டைமோலோல் துளியும் இதே குடும்பம். கண்ணில் விடும் ஒரு துளி மூக்கு வழியாக உள்ளிறங்கி இரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்று யார் நினைப்பார்கள்? கண் கிளினிக்கில் தொய்வைப் பற்றிச் சொல்வதில்லை, தொய்வுக் கிளினிக்கில் கண் மருந்தைப் பற்றிச் சொல்வதில்லை. இரண்டு கொப்பியையும் இரண்டு இடத்துக்கும் கொண்டுபோங்கள்.

மூன்றாவது கூட்டம் வலி மருந்துகள்: அஸ்பிரின், டைக்ளோபினாக், இபுபுரூபன், மெபனமிக் அசிட். இவற்றைப் பற்றி படி 5இல் விரிவாக வருகிறது. இப்போதைக்கு எதை, எந்தத் திகதியில் போட்டீர்கள் என்று குறித்து வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். சந்தேகப்பட்ட மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. பீட்டா தடுப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம். இதயத்துக்கென்று அஸ்பிரின் எடுப்பவர் அதை விட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து வரலாம்.

படி 3: நான்கு வாரத்துக்கு ஒரு கொப்பி

ஒரு எண்பது பக்கக் கொப்பி போதும். ஒவ்வொரு நாளும் இரவில் ஐந்து விடயம் எழுதுங்கள்: பகலில் முட்டு வந்ததா, இரவில் எழும்பினீர்களா, நீலப் பம்ப் எத்தனை முறை அடித்தீர்கள், அன்று எங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள், புதிதாக என்ன மருந்து போட்டீர்கள்.

நான்காவதுதான் முக்கியம், அதைத்தான் ஆட்கள் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். "வேலை" என்று எழுதாமல் "பட்டறையில் தேக்குப் பலகை சீவினேன்" என்று எழுதுங்கள். "வீடு" என்று எழுதாமல் "மிளகாய் வறுத்தார்கள்", "நுளம்புத்திரி கொளுத்திப் படுத்தேன்", "பழைய பாய் உதறினேன்" என்று எழுதுங்கள். பூசைக்குச் சாம்பிராணி போட்டது, வளவு கூட்டிக் குப்பை எரித்தது, நல்லூர்த் திருவிழாப் புழுதியில் நின்றது, பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்கு மருந்தடித்தது எல்லாம் எழுத வேண்டியவையே.

காற்றையும் எழுதுங்கள். வாடைக் காலத்தில் கூடுகிறதா, சோளகப் புழுதியில் கூடுகிறதா என்பது பெரிய துப்பு. வாடைக்காற்றைக் குறை சொல்லும் பழைய ஆட்களைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். குளிர்ந்த காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும், மழைக்காலத்தில் தடிமன் பரவும், ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அதோடு வடகிழக்குக் காற்று வங்காள விரிகுடாவுக்கு அப்பாலிருந்து மாசையும் சேர்த்துக் கொண்டுவரும். 2022 டிசம்பர் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் உட்படப் பல இடங்களில் வானம் புகார் பிடித்ததுபோல மங்கிக் கிடந்தது இதனால்தான்.

நான்கு வாரம் முடிந்ததும் கொப்பியைப் பார்த்து நான்கு கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் போடுங்கள். பகல் அறிகுறி வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் வந்ததா? இரவில் ஒரு தடவையாவது எழுப்பியதா? நீலப் பம்ப் வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? செய்ய நினைத்த வேலையைச் செய்ய முடியாமல் போனதா? ஒன்றுமே இல்லை என்றால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்றிரண்டு ஆம் என்றால் அரைகுறைக் கட்டு. மூன்று நான்கு என்றால் கட்டு மீறிவிட்டது. இடையிலேயே இப்படித் தெரிந்தால், நான்கு வாரம் முடியும் என்று காத்திராமல் முன்னதாகவே வைத்தியரைப் பாருங்கள்.

படி 4: ஊதிப் பார்த்து உறுதி செய்வது

காதால் கேட்டு மட்டும் ஆஸ்துமா என்று முடிவு கட்டுவது நல்ல வழக்கம் அல்ல. மூச்சுக்குழாய் சுருங்கி விரிகிறது என்பதை ஒரு தடவையாவது எண்ணில் காட்ட வேண்டும்.

இதற்கு முதல் தெரிவு ஸ்பைரோமெட்ரி. நெஞ்சு நிறைய மூச்செடுத்து, முழுப் பலத்தோடு, இனி இல்லை என்னும் வரை ஊத வேண்டும். அப்புறம் நீலப் பம்பில் இருக்கும் சல்பியூட்டமோல் மருந்தைக் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்துத் திரும்ப ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலீற்றரும் கூடியிருந்தால் ஆஸ்துமாவுக்குச் சாதகமான முடிவு. போவதற்கு முன் 4 மணித்தியாலம் நீலப் பம்ப் அடிக்காமல் இருந்தால் நல்லது, ஆனால் மூச்சுத் திணறினால் அடித்துவிடுங்கள், பரிசோதனையை இன்னொரு நாள் வைக்கலாம். நல்லாக இருக்கும் நாளில் ஊதினால் ரிப்போர்ட் சுத்தமாக வரும். அதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று சொல்ல முடியாது.

ஸ்பைரோமெட்ரிக்கு நாள் கிடைக்கப் பிந்தினால் பீக் ஃப்ளோ மீற்றர் என்ற சின்னக் குழாய் கைகொடுக்கும். மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம். எழுந்து நின்று, முள்ளைப் பூச்சியத்துக்குத் தள்ளி, முழு மூச்சு எடுத்து, உதட்டை இறுக்கி, மெழுகுதிரியை அணைப்பதுபோல ஒரே வேகத்தில் ஊத வேண்டும். மூன்று தடவை ஊதிக் கூடிய எண்ணை மட்டும் எழுதுங்கள். காலையும் மாலையும் இரண்டு வாரம்.

கணக்கு இப்படி. ஒரு நாள் காலை 310, மாலை 380 என்று வைப்போம். வித்தியாசம் 70. இரண்டின் சராசரி 345. எழுபதை 345ஆல் வகுத்தால் சுமார் 20 சதவீதம். இப்படி ஒவ்வொரு நாளுக்கும் பார்த்து, அவற்றின் சராசரி 10 சதவீதத்துக்கு மேல் வந்தால் பெரியவர்களில் அது ஆஸ்துமாவின் ஏற்ற இறக்கம்.

படி 5: கொப்பியை வகைகளோடு வைத்துப் பாருங்கள்

இப்போது கையில் மருந்துப் பட்டியல், நான்கு வாரக் குறிப்பு, ஊதிய எண்கள் இருக்கின்றன. கீழே வருபவை பெரியவர்களில் காணப்படும் முக்கிய வகைகள். ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்டது பொருந்தலாம், பல சமயம் பொருந்தும்.

ஒவ்வாமை வகை. பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கியிருக்கும். "பதினைந்து வயதோடு விட்டுவிட்டது" என்று சொல்பவருக்கு முப்பதில் திரும்பி வரும். கூடவே விடியத் தொடர்ந்து தும்மல், மூக்கரிப்பு, தோல் கரப்பன், குடும்பத்தில் இதே வருத்தம். தூசு, பூஞ்சணம், கரப்பான் பூச்சி, பூனை போன்றவை கிளப்பும். தூசுப் பூச்சி இருப்பது மெத்தையிலும் பஞ்சுத் தலையணையிலும். உறைகளை வாரம் ஒரு தடவை சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயப் போடுவது நல்லது. ஆனால் தனியொரு பொருளை வாங்கினால் தொய்வு போய்விடும் என்ற விளம்பரத்தை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம். அந்தக் காசு, உள்ளே இருக்கும் அழற்சியை அடக்க ஒழுங்காக எடுக்கும் தடுப்புப் பம்புக்குப் போகட்டும். கத்தரிக்காய் கிரந்தி, வாழைப்பழம் குளிர் என்று வீட்டில் போடும் தடைகளில் பெரும்பாலானவைக்கும் தொய்வுக்கும் தொடர்பில்லை. ஒன்றைச் சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் முட்டுகிறது என்று கொப்பி காட்டினால் மட்டும் அதைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

பெரிய வயதில் தொடங்கும் வகை. பெண்களில் அதிகம். ஒவ்வாமை வரலாறு இருக்காது. ஒரு மோசமான தடிமனுக்குப் பிறகு தொடங்கி, பின் விடவே இல்லை என்பார்கள். தடுப்புப் பம்ப் வழக்கமான அளவில் இவர்களில் சிலருக்குப் போதாது. இதற்குள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஈயோசினோபில் என்ற வெள்ளணு பெருகி நிற்கும் பிரிவு. மூக்கடைப்பு, மூக்கினுள் சதை வளர்ச்சி, மணம் தெரியாமல் போதல் மூன்றும் அதன் துப்பு. கறி தீய்வது மற்றவர்கள் சொன்ன பிறகுதான் தெரிகிறது என்றால் அதையும் கொப்பியில் எழுதுங்கள், மூக்கின் கதை நுரையீரலின் கதையோடு சேர்ந்தது. இதே ஆளுக்குக் கால் விறைப்பு, பாதம் தொங்குதல், தோலில் சிவப்புப் புள்ளிகள் சேர்ந்தால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், உடனே போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டியது.

வலி மருந்து வகை. பெரியவர்களின் ஆஸ்துமாவில் சுமார் 7 சதவீதம் இந்த வகை. வழக்கமான வரிசை இது: முப்பது நாற்பது வயதில் மூக்கடைப்பு, பிறகு மூக்குச் சதை, பிறகு ஆஸ்துமா, அப்புறம் ஒரு நாள் பல்வலிக்கோ முதுகுவலிக்கோ போட்ட குளிசையால் பெரிய முட்டு. குளிசை போட்டு அரை மணியிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் மூக்கு ஒழுகி, கண் சிவந்து, மூச்சு இறுகும். பார்மசியில் "வலிக்கு ஏதாவது தாங்கோ" என்று கேட்பது இவர்களுக்கு ஆபத்தான பேச்சு. மருந்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான அளவில் பரசிற்றமோல் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை தராது. அஸ்பிரின் ஒத்துக்கொள்கிறதா என்று வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது, அது வைத்தியசாலைக் கட்டிலில் மட்டும் செய்யும் சோதனை.

தொழில் வகை. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதை நேரத்தோடு கண்டுபிடித்தால் சிலருக்கு நோயே விட்டுப்போகும். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஆஸ்துமாவில் 5 முதல் 20 சதவீதம் வரை வேலைத்தலத்தால் வருவதாகக் கணக்கிடப்படுகிறது. நம்மூரில் யார் யார்? மரப்பட்டறைக்காரர், பேக்கரியில் மா பிசைபவர், வாகனத்துக்கு ஸ்பிரே பெயின்ற் அடிப்பவர், நண்டும் இறாலும் அவித்து உடைக்கும் பெண்கள், வெல்டிங் செய்பவர், சலூனில் தலைமயிருக்கு பிளீச் போடுபவர், பிளீச்சும் அமிலமும் கொண்டு கழுவித் துடைப்பவர், வைத்தியசாலையில் நாளெல்லாம் லேற்றெக்ஸ் கையுறை போடுபவர்.

இதில் ஏமாற்றுவது கால இடைவெளி. வேலைக்குச் சேர்ந்த அன்றே வராது. மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஒரு தொல்லையும் இல்லாமல் வேலை செய்த பிறகுதான் உடல் அந்தப் பொருளுக்கு எதிராகத் திரும்பும். "இருபது வருஷமாக இந்த மரத்தைத்தான் சீவுகிறேன், இப்ப மட்டும் எப்படி?" என்பார்கள். அப்படித்தான். முட்டும் பல சமயம் பட்டறையில் வராமல் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகு வரும், பழி தலையணையில் விழும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. லீவு நாளில் குறைகிறதா? ஒரு வாரம் ஊருக்குப் போனால் குறைகிறதா? ஆம் என்றால் பீக் ஃப்ளோவை ஒரு நாளுக்கு நான்கு தடவையாவது, நான்கு வாரம், வேலை நாளும் ஓய்வு நாளும் சேரும்படி எழுதுங்கள். ஒரு தச்சரின் கொப்பியில் செவ்வாய் காலை 400, மாலை 320. ஞாயிறு காலை 410, மாலை 400 என்று இருந்தால் வேலை நாள் ஏற்ற இறக்கம் 22 சதவீதம், ஞாயிறு 3 சதவீதம்கூட இல்லை. இப்படியான வரிசை திரும்பத் திரும்ப வந்தால் வைத்தியருக்கு அதைவிட வேறு சாட்சி அதிகம் தேவைப்படாது. நோய் முற்றியவருக்கு ஒற்றை ஞாயிறு போதாது, நான்கைந்து நாள் விலகினால்தான் எண் ஏறும்.

வேலையைத் திடீரென்று விட்டுவிடாதீர்கள், விட்ட பிறகு நிரூபிப்பதும் கடினம். முதலில் எழுதுங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள், அப்புறம் அந்தத் தூளிலிருந்து முழுதாக விலகும் வேறு பகுதிக்கு மாற வழியுண்டா என்று முதலாளியோடு பேசுங்கள். துணியால் மூக்கைக் கட்டுவது இதற்குப் போதாது.

இதோடு குழம்பக்கூடியது, ஏற்கெனவே உள்ள தொய்வு வேலையால் கூடுவது. மில்லில் மிளகாய்த் தூள் அரைப்பவருக்கு நெடியால் இருமல் வரும், அது எரிச்சல். அதற்கு முகமூடியும் காற்றோட்டமும் உதவும். இன்னொன்று, மூடிய அறையில் பிளீச்சையும் அமிலத்தையும் கலந்து குளோரின் வாயுவைச் சுவாசித்தவருக்கு ஒரே நாளில் ஆஸ்துமா தொடங்குவது. கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் கரைப்பவர்களும் வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீச நின்று கரையுங்கள்.

இருமல் மட்டும் வரும் வகை. இழுப்பே கேட்காது. வறட்டு இருமல், அதுவும் இரவில், வாரக்கணக்கில். ஸ்பைரோமெட்ரி பெரும்பாலும் சரியாகவே வரும். எத்தனை போத்தல் பாணி குடித்தாலும் நிற்காத இருமல் தடுப்புப் பம்ப் தொடங்கிச் சில வாரத்தில் அடங்கினால் இந்த வகைதான். நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும் சேர்ந்திருந்தால் வயிற்று அமிலம் மேலேறுவதையும் பார்க்க வேண்டும்.

உடற்பயிற்சியில் கிளம்புவது, உடல் பருமனோடு வருவது இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடி முடித்துச் சில நிமிடத்தில் இறுகுவது முதலாவது. அது தனி நோயாக இருப்பதைவிட, தடுப்பு மருந்து போதவில்லை என்பதன் அடையாளமாக இருப்பதே அதிகம். பருமன் உள்ளவர்களுக்கு அறிகுறி அதிகமாகவும் ஈயோசினோபில் குறைவாகவும் இருக்கும். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே தொய்வு கட்டுக்குள் வரத் தொடங்கும். 90 கிலோ ஆளுக்கு அது நான்கரை கிலோவிலிருந்து ஒன்பது கிலோ.

படி 6: இரத்தப் பரிசோதனையை வாசிப்பது

விலை உயர்ந்த பரிசோதனைக்கு முன் சாதாரண முழு இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுங்கள். வெள்ளணு 8000, ஈயோசினோபில் 6 சதவீதம் என்றால் எண்ணிக்கை 480. 300க்கு மேல் இருந்தால் ஈயோசினோபில் பக்கம் சாய்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அதிக அளவு தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவருக்கு 150கூடக் கணக்கில் வரும்.

இரண்டு எச்சரிக்கை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை போட்டிருக்கும்போது எடுத்தால் எண் பொய் சொல்லும். அட்டாக் வந்து குளிசை தொடங்கும் முன்பே இரத்தம் எடுப்பது நல்லது. ஒரு தடவை குறைவாக வந்தால் முடிவல்ல, மூன்று தடவை வரை பார்க்கலாம். மற்றது, குடற்புழுவாலும் இந்த எண் ஏறும். செருப்பில்லாமல் தோட்டத்து மண்ணில் நிற்பவர்களுக்கு அதை முதலில் விலக்க வேண்டும். எண் ஆயிரக்கணக்கில் போனால் யானைக்கால் புழு உடலில் கிளப்பும் நுரையீரல் நோயையும் வைத்தியர் நினைப்பார். இலங்கையில் யானைக்கால் நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதபடி ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, என்றாலும் பழைய ஆட்களில் அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படும்.

ஐஜிஇ (ஒவ்வாமையில் இரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்), தோல் குத்துப் பரிசோதனை ஆகியவை ஒவ்வாமை வகையை உறுதிசெய்ய. கபிலநிறச் சளிக் கட்டி துப்புகிறவருக்கு, ஐஜிஇ மிக உயர்ந்திருந்தால், அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சணத்துக்கு எதிரான ஒவ்வாமையைத் தேட வேண்டும். மார்பு எக்ஸ்ரே ஆஸ்துமாவைக் காட்டாது, மற்றவற்றை விலக்கத்தான் அது.

படி 7: வகை தெரிந்த பிறகு என்ன மாறும்?

எல்லா வகைக்கும் பொதுவான ஒன்று முதலில். நீலப் பம்பை மட்டும் நம்பி வாழக் கூடாது. அது மூச்சுக்குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. 2019 முதல் சர்வதேச வழிகாட்டல்களும் பெரியவர்களுக்கு அதைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கின்றன. பெக்ளோமெத்தசோன், பியூடசோனைட் போன்ற தடுப்பு மருந்தோ, பியூடசோனைட்டும் ஃபோமட்டரோலும் சேர்ந்த பம்போ அடித்தளமாக இருக்க வேண்டும். பம்ப் பழகினால் விட முடியாது என்பது வெறும் பயம். அடித்த பின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாயில் வெண்படலம் பிடிப்பது குறையும்.

அதற்கு மேல் வகைக்கு ஏற்ப மாறும். ஒவ்வாமை வகைக்கு மூக்குச் சிகிச்சையும் சேர வேண்டும். தொழில் வகைக்கு அந்தப் பொருளிலிருந்து விலகுவதுதான் மருந்து. வலி மருந்து வகைக்கு மொன்டெலுகாஸ்ட் என்ற குளிசை சிலருக்கு உதவும், அது நித்திரையையும் மனநிலையையும் குழப்பினால் உடனே சொல்ல வேண்டும். புகைப்பவருக்குத் தடுப்பு மருந்து சரியாக வேலை செய்யாது, சுருட்டை விடாமல் பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாம் செய்தும் அடங்காத ஈயோசினோபில் வகைக்கு மெபோலிசுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. விலை மிக அதிகம், நிபுணர் மட்டுமே தொடங்குவார்.

மருந்தைக் கூட்டும் முன் பம்ப் அடிக்கும் முறையைப் பாருங்கள். பெரும்பாலானோர் பிழையாகத்தான் அடிக்கிறார்கள். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயில் இறுக்கி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, முடிந்தால் பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். கொப்பி எழுதும் மகளோ மருமகனோ எதிரே நின்று பார்க்கட்டும். வாயோரத்தால் புகை வெளியேறினால் மருந்து வீண். கை நடுங்குபவருக்கு, பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் ஸ்பேசர் என்ற குழாய் கட்டாயம். கப்சியூல் போடும் கருவிக்கு முறை எதிர்மாறு, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இரண்டும் வைத்திருப்பவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

படி 8: எந்த வகையாக இருந்தாலும், இந்த நிலையில் காத்திருக்க வேண்டாம்

ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை. நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு, 120க்கு மேல் நாடி. கழுத்துத் தசை இழுக்கிறது. விரலில் போடும் ஒக்சிமீற்றர் 90க்குக் கீழ் காட்டுகிறது. உதடு நீலம், குழப்பம், நித்திரை மயக்கம். இவற்றில் எதுவாயினும் 1990ஐ அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். இழுப்புச் சத்தம் திடீரென்று அடங்கியும் ஆள் திணறிக்கொண்டே இருந்தால் குணமாகிறது என்று எண்ண வேண்டாம். காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

வாகனம் வரும் வரை ஆளைப் படுக்க விடாமல் நிமிர்த்தி இருத்துங்கள். நீலப் பம்பை ஸ்பேசரில் ஒரு தடவைக்கு ஒரு அழுத்தமாக நான்கிலிருந்து பத்து வரை கொடுங்கள், 20 நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பவும் கொடுக்கலாம். விக்ஸ் பூசி, ஆவி பிடித்து நேரத்தைப் போக்க வேண்டாம். மருந்துப் பையையும் கொப்பியையும் கூடவே கொண்டுபோங்கள்.

வீடு திரும்பிய பிறகு, தந்த பிரெட்னிசோலோன் குளிசையைச் சுகம் வந்துவிட்டது என்று இரண்டாம் நாளே நிறுத்தாமல் சொன்ன நாள்வரை போடுங்கள். ஒரு வாரத்துக்குள் கிளினிக்குக்குப் போங்கள். போகும்போது, அட்டாக் வருவதற்கு முந்தைய இரண்டு நாள் எங்கே இருந்தீர்கள், என்ன சீவினீர்கள், என்ன குளிசை போட்டீர்கள் என்று கொப்பியின் புதுப் பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.